ஒன்பது படுக்கைகளுக்கு ஒரு கையெழுத்து

காலை 6.40. முதல் சத்தம் துறைமுகப் பக்கம். கனத்த இரும்புக் கதவை அறைந்து மூடுவதுபோல. ஜன்னல் அதிர்கிறது. எண்ணத் தொடங்குகிறேன். பதினான்கில் இரண்டாவது சத்தம். இது கிட்டத்தில். கண்ணாடி உடைந்தது. மூன்றாம் படுக்கைப் பெரியவரின் போர்வை முழுக்கச் சில்லு.

"பெட்ட உள்ள தள்ளு! ஜன்னல வுட்டுத் தள்ளு!"

கத்தியது நான்தான். கேட்பதற்கு வார்டில் வேறு நர்ஸ் இல்லை. நானே தள்ளினேன். ஒன்பது படுக்கைகள்.

ஏமன் நாட்டில் ஒரு துறைமுக நகரம். தனியார் மருத்துவமனை. இரண்டாம் மாடி, மேற்குப் பகுதி, ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு. வியாழக்கிழமை. நான் வசந்தா, சொந்த ஊர் காவாந்தண்டலம். இரவு டூட்டியில் இருந்தேன். ஏழு மணிக்கு முடிய வேண்டும். எட்டு மணிக்குப் பஸ். இந்திய நர்ஸ்களைக் கப்பலில் சேர்க்க வந்த பஸ். பதினெட்டு இருக்கை. பட்டியல் முந்தின நாளே ஒட்டியாயிற்று. அதில் நான் இருந்தேன். நூர்ஜஹானும் இருந்தாள். அவள் இருக்கை எண் பதினொன்று.

நூர்ஜஹான் என் அறைத்தோழி. எங்கள் வார்டு நர்ஸ். உத்திரமேரூர் கடைத்தெருவில் பாத்திரக்கடைக் குடும்பம். அன்று அவளுக்கு விடுப்பு. பையைக் கட்டிவிட்டாள். ஊரில் விட்டுவந்த மகளுக்கு வாங்கிய சிவப்பு ஷூ பையின் மேலாகவே இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அடுத்த நர்ஸ் வர வேண்டும். படுக்கை படுக்கையாக நோயாளிகளை ஒப்படைக்க வேண்டும். அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை வார்டைவிட்டு நகரக் கூடாது. இதற்கு ஹேண்டோவர் என்று பெயர். பதினெட்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட அதை மீறியதில்லை.

ஏழுக்கு வர வேண்டிய உள்ளூர் நர்ஸ் வரவில்லை. 7.20க்கு நிர்வாகி வந்தார். சென்னைக்காரர். எங்கள் எல்லோரையும் தங்கச்சி என்பார். பொங்கலுக்கு எங்கள் அறையில் சாப்பிட்டவர். யாரையாவது கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டுக் கிளம்பு என்றார்.

"நாலு மணிக்கு ரெண்டாவது பஸ் கீது. நான் இங்கதான் இருப்பேன். மிச்சம் கீறவங்கள நானே கூட்டிக்கினு வரேன், தங்கச்சி."

நான் நூர்ஜஹானுக்குப் போன் செய்தேன். நாலு மணிப் பஸ்ஸையும் சொன்னேன். நானே இருந்திருக்கலாம். இரவெல்லாம் விழித்தவள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

7.30க்கு வந்தாள். தலைமுடிகூட ஒழுங்காக முடியவில்லை. முதல் படுக்கையிலிருந்து தொடங்கினேன். எது கொடுத்தேன், எது பாக்கி, எவ்வளவு சிறுநீர் போனது. நடுவில் மூன்று சத்தம். நான் நிறுத்தவில்லை. அவள் சிரித்துவிட்டாள்.

"மேல குண்டு போட்டுக்கினு கீறான். நீ இன்னாக்கா யூரின் கணக்கு சொல்லிக்கினு கீற? நான் பாத்துக்கறேன். நீ எறங்கு."

கையெழுத்துப் போட்ட பிறகே இறங்கினேன். நேரம் 7.52.

பஸ் ஏறினேன். புறப்பட்டது. திரும்பிப் பார்த்தேன். இருக்கை எண் பதினொன்றில் நிர்வாகி உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு சூட்கேஸ். காலடியில் இன்னொன்று.

அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது பஸ் என்று ஒன்று இல்லை.

"வண்டிய நிறுத்து! நிறுத்து!"

பஸ் நிற்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "உக்காரும்மா. இதுல பதினெட்டு பேரு உசுரு கீது."

உட்கார்ந்தேன். இதையும் எழுதியாக வேண்டும். உட்கார்ந்தேன்.

போன் லைன் கிடைக்கவில்லை. முப்பத்தொரு முறை முயன்றேன். மாலை 3.50க்குத் துறைமுகத்தில் அவள் குரல் பதிவு ஒன்று வந்து சேர்ந்தது.

"அக்கா, பஸ் சத்தமே இன்னும் கேக்கல. ஆறாம் பெட்டுக்கு டிரிப்ஸ் மாத்திட்டேன். அந்தாளு வந்துடுவாரில்ல?"

யாரும் வர மாட்டார்கள், இறங்கி ஓடு என்று எழுதி அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது டிக் இன்றுவரை விழவில்லை. 4.25க்கு நகரத்துப் பக்கம் மூன்று சத்தம். மேற்குப் பகுதி இடிந்தது என்று மறுநாள் கப்பலில் சொன்னார்கள்.

அவள் வீட்டுக்கு மருத்துவமனை ஒரு கடிதம் அனுப்பியது. நோயாளிகளைப் பிரிய மனமில்லாமல் தாமாகவே தங்கிவிட்டார் என்று. கீழே அந்த நிர்வாகியின் கையெழுத்து. இப்போது இங்கே எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு நர்சிங் பள்ளியில் அவள் படம் தொங்குகிறது. அடியில் 'சேவையின் சுடர்' என்று எழுதியிருக்கிறது. அந்தப் பள்ளியின் ஆண்டு மலருக்குத்தான் நர்ஸ் வேலையின் நன்மை தீமைகளை எழுதித் தரச் சொன்னார்கள்.

நன்மை உண்டு. நான் இன்றும் நர்ஸ்தான். போன மாதம் மாகறல் விவசாயி ஒருவர், தையல் பிரித்த மூன்றாம் நாள், ஒரு பை கத்தரிக்காயுடன் வந்தார். "உன் கை பட்டதே தெரியலம்மா" என்றார். அந்த ஒரு நாளுக்காக இன்னும் நூறு நாள் நிற்கலாம். எந்த ஊரிலும் இந்த வேலை சோறு போடும். என் தம்பியை இதுதான் படிக்கவைத்தது.

தீமை ஒன்றுதான் சொல்வேன். நாம் வார்டைவிட்டு நகர மாட்டோம் என்று எல்லோருக்கும் தெரியும். அதை நம்பித்தான் மற்றவர்கள் முதலில் கிளம்புகிறார்கள். பிறகு அதற்குச் சேவை என்று பெயர் வைக்கிறார்கள்.

நூர்ஜஹானின் அண்ணன் சலீம் ஒரே ஒருமுறை கேட்டார். கடையில் யாரும் இல்லாத நேரம்.

"லீவு நாள்ல எதுக்குக்கா டூட்டிக்குப் போனா? அவ பொண்ணு கேட்டுக்கினே கீது. அம்மாக்கு நான் வாணாமா, அங்கியே இருந்துட்டாங்களேன்னு."

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். நிர்வாகியின் பொய்க்கு நானும் அன்று கையெழுத்துப் போட்டேன்.

சலீம், இது பதில். உங்கள் தங்கை தானாகத் தங்கவில்லை. நான் கூப்பிட்டேன். வந்தாள். நாலு மணிக்குப் பஸ் வரும் என்று நம்பினாள். பையைக் கட்டி வைத்திருந்தாள். மகளிடம் வரத்தான் இருந்தாள். இதைப் பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள்.

இழந்தவை:

நோயாளிகள், ஒன்பது பேர்.

நூர்ஜஹான். வயது முப்பத்தொன்று.

சிவப்பு ஷூ ஒரு ஜோடி. ஆறு வயதுக் குழந்தையின் அளவு.

பதிவேடு ஒன்று. கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து. ஒப்படைத்தேன் என்பதற்கு நேராக என்னுடையது. பெற்றுக்கொண்டேன் என்பதற்கு நேராக அவளுடையது.