வாட்ச் சொன்னதும், ரெஜினா மேடம் சொல்லாததும்

நன்றி சொல்ற கூட்டம்னு என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாரும் நமக்குக் கொடுத்தவங்களுக்கு நன்றி சொன்னாங்க. நான் வேற ஒரு நன்றியைப் பத்திப் பேசணும்... அதுக்கு ஒரு சின்னக் கதை சொல்றேன், கேக்கறீங்களா? கதையில வர்ற பொண்ணுகிட்டக் கேட்டுட்டு, பேரை மாத்தித்தான் சொல்றேனுங்க.

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி. அங்க கணக்குப் பிரிவுல பூங்கோதைன்னு ஒரு பொண்ணு. கல்யாணமாகிப் பல வருஷம். ரெண்டு தடவை கரு தங்குச்சு... ரெண்டு தடவையும் கலைஞ்சு போச்சு. அந்த வலி ஒரு பக்கம். அதைவிடப் பெரிய வலி எது தெரியுமா? விசாரிக்க வந்த சனங்க! "பப்பாளி தின்னியா? மாடிப்படி ஏறினியா? வண்டியில போகாதேன்னு அப்பவே சொன்னேனே!" போன குழந்தைக்கு அழறதா, இவங்களுக்குப் பதில் சொல்றதா?

மறுபடியும் நாள் தள்ளிப் போச்சு. புருஷன் நவநீதன்கிட்டக் கோதை சொன்னா, "ஏனுங்க... இந்தத் தடவை யாருக்கும் சொல்ல வேண்டாங்க. எங்கம்மாவுக்குக்கூட."

"சரி கோதை. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

ரெண்டு பேருக்குள்ள இருந்துச்சா? ... இல்லீங்க. அவ கையில ஒரு வாட்ச் இருந்துச்சு.

கம்பெனியில எல்லாருக்கும் கொடுத்த ஃபிட்னஸ் வாட்ச். உக்காந்தே வேலை பாக்கறவங்க கொஞ்சம் நடக்கட்டும்னு நல்ல மனசோடதான் கொடுத்தாங்க. கோதைக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நடை, தூக்கம், நாடித்துடிப்பு... கூடவே மாசா மாசம் வர்ற தேதியையும் அந்த ஆப்ல போட்டு வெச்சா. என் போன், நான்தானே பாக்கறேன்? நீங்களும் அப்படித்தானே நினைக்கறீங்க?

ஒரு நாள் மதியம், ஊழியர் விவகாரமெல்லாம் பாக்கற ஹெச்.ஆர். மேனேஜர் ரெஜினா மேடம் கூப்பிட்டாங்க. ரொம்பக் கறாரான அம்மா. உள்ள போனதும் கதவைச் சாத்தச் சொன்னாங்க.

"உக்காரும்மா. வாட்ச்ல இருந்து நடந்த தூரம் மட்டும்தான் எனக்கு வரும்னு சொன்னாங்க. இன்னைக்குத்தான் திறந்தேன். எல்லாமே வருது. உன்னோட தேதி வருது... அது தள்ளிப் போயிருக்கறதும் வருது."

கோதை சட்டுன்னு எந்திரிச்சுட்டா. பயமா? கோபமா? ... ரெண்டும்தான்.

"எங்கம்மாகிட்டக்கூட நான் சொல்லலீங்க மேடம்! நீங்க எப்படிப் பாக்கலாம்?"

அந்த அம்மா என்ன சொல்லியிருக்கலாம்? 'ஆப்ல நீதானே சம்மதம்னு பட்டனை அமுத்தினே'ன்னு சொல்லியிருக்கலாம். பாக்காத மாதிரியே இருந்திருக்கலாம். ஆனா சொன்னாங்க,

"பாத்திருக்கக் கூடாதும்மா. கண்ணுல பட்டதும் மூடிட்டேன். யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா நான் பாத்தது உனக்குத் தெரியணும். அதை மறைச்சா அது இன்னொரு தப்பு."

அதோட நிக்கலை. நேரா முதலாளி ரூமுக்குப் போனாங்க.

"பனியன் தைக்கற கம்பெனிக்குப் பொம்பளைங்க தேதி எதுக்குங்க சார்?"

"சாஃப்ட்வேர்காரன் ஏதோ பண்ணிட்டான்... விடுங்க மேடம்."

"விட முடியாதுங்க. ஒண்ணு இதை நிறுத்துங்க. இல்லாட்டி என்னை நிறுத்துங்க!"

நிறுத்தினாங்க. இருந்ததை அழிச்சாங்க. வாட்ச் வழியா என்னென்ன விவரம் வந்துச்சுன்னு எல்லா ஊழியருக்கும் சொன்னாங்க... ஒரு பேர் வெளிய வரலை.

கோதை வாட்சைக் கழட்டி பீரோவுக்குள்ள வீசிட்டா. ஆனா டாக்டரம்மா, "தினமும் மெதுவா நட. துடிப்பு ரொம்ப ஏறாமப் பாத்துக்கோ"ன்னுட்டாங்க. கோதை நடக்கறா... பத்தடியில நின்னுடறா. மணிக்கட்டுல விரலை வெச்சுப் பாக்கறா, பயத்துல எண்ணவே வரலை. கடைசியில நவநீதனே வாட்சை எடுத்துட்டு வந்தார்.

"கோதை, இது பாத்தது தப்பில்ல. போய்ச் சொன்னதுதான் தப்பு. சொல்ற வழியை அடைச்சிருவோம்."

ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, தேதியெல்லாம் அழிச்சு, யாருக்கெல்லாம் போகுதோ ஒவ்வொண்ணா நிறுத்தினாங்க. கோதை மறுபடி கட்டிக்கிட்டா. பயமில்லாம நடந்தா.

ஆபீஸ்ல ரெஜினா மேடம்? ஒரு வார்த்தை விசாரிக்கலை. ஒரு பார்வை வயித்துப் பக்கம் போகலை. "ஜிஎஸ்டி ஃபைல் எங்கம்மா?"ன்னு எப்பவும் போல அதட்டினாங்க!

அஞ்சாம் மாசம், கோதையே அவங்க ரூமுக்குப் போனா.

"மேடம்... உங்ககிட்ட ஒரு சேதி சொல்லணுங்க. நான் முழுகாம இருக்கேன்."

அந்தக் கறார் அம்மா நாற்காலியை விட்டு எந்திரிச்சு, அவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "அப்படியா கண்ணு! எப்பேர்ப்பட்ட சேதி!"ன்னாங்க. அப்பத்தான் முதமுதல்ல கேக்கற மாதிரி...

கோதை அழுதுட்டா. என்கிட்டச் சொல்லும்போதும் அழுதா. "என் சேதியை நானே சொல்ற சந்தோஷத்தை அந்த மெஷின் பிடுங்கிருச்சுங்க. அந்த அம்மா அதை எனக்கே திருப்பிக் கொடுத்தாங்க"ன்னா. பொண்ணு பொறந்துச்சு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க.

நான் எதுக்கு இதைச் சொல்றேன்? வாட்ச் கட்டாதீங்கன்னா? கட்டுங்க, நடங்க, நல்லா இருங்க. ஆனா அது யாருகிட்டப் பேசுதுன்னு இன்னைக்கே பாத்துருங்க. எந்த இடத்துல வாயை மூடணும்னு மெஷினுக்குத் தெரியாது... மனுசனுக்குத் தெரியும். நம்மளைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சும், ஊர்ல பரப்பாம, நம்மகிட்டக்கூட மறுபடி அந்தப் பேச்சை எடுக்காம நம்மளைக் காப்பாத்தினவங்க உங்க ஒவ்வொருத்தர் வாழ்க்கையிலயும் இருக்காங்க. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்? அவங்களுக்கு மாலை போட்டோமா? ஒரு வார்த்தை சொன்னோமா?

கூட்டம் முடிஞ்சதும் அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. "நல்லா இருக்கீங்களா... ரொம்ப நன்றிங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. எதுக்குன்னு சொல்ல வேண்டாம்... அவங்களுக்குப் புரியும்.