தீர்த்தப் போத்தல்

பூச்சாடித் தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். நோயாளியைப் பார்க்க வருபவர்கள் பெரிய பூங்கொத்தாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தண்ணீரில் என்ன வளர்கிறது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. இங்கே சுவிஸில், பேர்ண் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில், அதைப் பார்ப்பதுதான் என் வேலை. பூச்சாடி, குழாய், ஷவர், கழுவுதொட்டி என்று எல்லா இடத்துத் தண்ணீரிலும் சூடோமோனாஸ் என்ற கிருமியைத் தேடுவோம். பெயர் ஒன்றுதான், வகைகள் பல. பெரும்பாலானவை மருந்துக்கு அடங்கிவிடும். பழைய கட்டடத்து வடிகால் ஒன்றில் கிடைத்த வகை எந்த அன்டிபயோட்டிக்குக்கும் அடங்கவில்லை. அதை வளர்த்து வைத்திருந்தோம்.

குகநாதனை உங்களுக்குத் தெரியும். உங்கள் பொலிசுக்கும் மொழிபெயர்த்தவர்தானே. என் தம்பி தவச்செல்வனின் அகதி விசாரணையில், "போனால் என்னைக் கொல்லுவினம்" என்று அவன் சொன்னதை, "இவருக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை" என்று டொச் மொழியில் சொன்னார். பக்கத்தில் இருந்த நான் திருத்தப் போனேன். பேச வேண்டாம் என்றார்கள். தம்பியைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியவன் வீடு போய்ச் சேரவில்லை. அதன்பிறகும் குகநாதனைக் கோயிலில் கண்டால் சுகம் விசாரிப்பேன். வெறுப்பு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

தொண்ணூற்றாறில் அவர் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுத்தார். எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்கப் போனால் விபூதியும் தீர்த்தமும் கொண்டுபோவார்கள். நானும் கொண்டுபோனேன். கோயில் தீர்த்தம்தான். வடிகால் வகையை அதில் கலந்திருந்தேன்.

"தம்பியின்ர விசயத்தில என்னில கோவமோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"அதெல்லாம் முடிஞ்ச கதை, அண்ணை."

அவருக்குக் கண் கலங்கியது. "அப்ப காயத்திலயும் கொஞ்சம் தெளிச்சுவிடு" என்றார். கட்டை விலக்கித் தெளித்தேன்.

டாக்டர்மார் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எதுவும் கேட்காது என்று எனக்குத் தெரியும். அவர் இறந்தபின் அந்த வார்டின் குழாய்களிலும் ஷவரிலும் பூச்சாடிகளிலும் எடுத்த வகைகளை அவர் காயத்து வகையோடு ஒப்பிட்டார்கள். ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தியது எங்கள் ஆய்வுகூடத்தில் வளர்த்து வைத்திருந்த வடிகால் வகை மட்டும்தான். அதனால்தான் நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த கட்டிலில் இருந்த மூத்ததம்பி அண்ணையைப் பற்றிக் கேட்கிறீர்கள். புற்றுநோய் மருந்தால் உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் கிடந்தவர். நான் போத்தலை மூடும்போது, "எனக்கும் கொஞ்சம் விடன், பிள்ளை" என்று வலக்கையைக் குழித்து நீட்டினார். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. தீர்த்தம் கேட்டு நீட்டிய கையை எங்களில் ஒருவரும் வெறுமனே திருப்ப மாட்டோம். மூன்று தரம் விட்டேன். குடித்துவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார். அடுத்த கிழமை அவரும் போய்விட்டார்.

குகநாதனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். மூத்ததம்பி அண்ணையின் பெயரை அதோடு சேர்க்காதீர்கள். அவருக்கு நான் கொடுத்தது தீர்த்தம்.