பதினைந்து நாள் இடைவெளி

ஆறு மாதத்துக்குச் சலுகை என்றால் ஏழாவது மாதம் என்று ஒன்று வரும். இணைப்பு வாங்கும்போது யாருக்கும் அது நினைவிருப்பதில்லை, மேடம். எனக்கும் இல்லை.

இன்டர்நெட் போட்டது என் கொழுந்தனார் பிரபாகர். பெங்களூரில் வேலை. என் கணவர் இறந்த பிறகு, படுக்கையில் விழுந்த மாமனாரை நான்கு வருடமாக நான்தான் பார்த்துக்கொண்டேன். கைகால் வராது. பேச்சு மட்டும் கொஞ்சம் வரும். அப்பாவைத் தினமும் பார்க்க வேண்டும் என்று பிரபாகர் கட்டிலுக்கு மேலே ஒரு கேமரா மாட்டினார். அதில் பேசவும் செய்யலாம். மரவள்ளிக்குக் களை வெட்டிவிட்டு வந்து உட்காருவேன், சுவரிலிருந்து குரல் வரும்.

"அண்ணி, அப்பாவுக்கு வாய் காஞ்சிருக்குது பாருங்க. தண்ணி குடுங்க."

எழுந்து போய்க் கொடுப்பேன்.

நானூறு ரூபாய் வந்துகொண்டிருந்த பில், ஏழாவது மாதம் எண்ணூற்று நாற்பது என்று வந்தது. பிரபாகரிடம் சொன்னேன். "ஏறுனத நீங்க கட்டிருங்க அண்ணி. இல்லாட்டி நேர்ல போய்ப் பேசிப் பாருங்க" என்றார்.

பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் இன்டர்நெட் ஆபீசுக்குப் பஸ் ஏறிப் போனேன். அங்கே இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"ஆஃபர் முடிஞ்சிருச்சுங்க்கா. இதுல குறைக்க முடியாதுங்க. இந்த லைன நிறுத்திட்டு, பதினஞ்சு நாள் கழிச்சு உங்க பேர்ல புதுசா எடுங்க. பழைய ரேட்டே வரும்."

பிரபாகரும் சரி என்றார். லைனை நிறுத்தினார்கள், கேமராவும் நின்றது. என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் முகம் தெரியாது.

முதல் நாள் மத்தியானம் தூங்கினேன். நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை. எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அன்று மாமாவுக்கு ஒரு வேளைதான் தண்ணீர் கொடுத்திருந்தேன். மறுநாள் காலையில் துணி அவ்வளவாக நனைந்திருக்கவில்லை. அதைக் கவனித்தேன். குடிப்பது குறைந்தால் துவைப்பது குறைகிறது. என் இடுப்பு வலிக்கு அது பெரிய ஆறுதல். ஐந்தாம் நாளிலிருந்து கஞ்சியையும் ஒரு வேளையாக்கினேன். பிரபாகர் சாயங்காலமானால் போனில் கேட்பார். "சாப்பிட்டாரு தம்பி, தூங்கறாரு" என்பேன். பாதி உண்மைதான். நிறையத் தூங்கினார்.

ஒன்பதாம் நாள் வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"மலரு... தண்ணி."

"இருங்க மாமா, வர்றேன்" என்றேன்.

இன்னும் இரண்டு கூடை புளி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். வர்றேன் என்றேன். மறுநாளும் கூப்பிட்டார், அப்போதும் வர்றேன் என்றேன். பதினோராம் நாள் சத்தம் இல்லை. அன்று நன்றாகத் தூங்கினேன். அடுத்த நாள் பிரபாகருக்குத் தகவல் சொன்னேன். இறப்புச் சர்ட்டிபிகேட் கொடுக்க வந்த டாக்டர் மாமாவின் வறண்ட நாக்கைப் பார்த்துவிட்டு உங்கள் ஸ்டேஷனைக் கூப்பிட்டார்.

குடத்தில் தண்ணீர் இருந்தது, மேடம். நான் கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: இந்த நான்கு வருடத்தில் அவர் கூப்பிட்டு நான் பதில் சொல்லாமல் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை.