சிலிண்டர் நிற்க வேண்டிய இடத்தில்

பெயர் தாஹர் பெலஅய்யாத். வயது நாற்பத்தொன்பது. நகரப் பேருந்து ஓட்டுநர். ஸ்கிக்தா நகரம், அத்திமரச் சரிவு, கடைசி வீட்டில் மனைவி வர்தாவுடன் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பூஅலாம் செர்கியைக் கத்தியால் குத்தியதாக என் மேல் வந்திருக்கும் புகார் பற்றி விசாரிப்பதாக ஆய்வாளர் சொன்னார். நான் குத்தவில்லை. என் சட்டையில் இருப்பது பாதி கிடாவின் ரத்தம், பாதி பூஅலாமின் ரத்தம். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நாளை ஹஜ்ஜுப் பெருநாள், இன்று நோன்பு வைத்திருக்கிறேன் என்பதால் குடிக்கவில்லை. தண்ணீர் என் முன்னால் மேசையில் இருக்கிறது.

என் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பட்டறை உண்டு. தெருவை விடத் தாழ்வான அறை. வாசலிலிருந்து ஒரு சாய்தளம் இறங்கும், ஜன்னல் கிடையாது. வெல்டிங் எனக்குப் பிழைப்பு அல்ல, ஆசை. ஆனாலும் என் வெல்டிங்கில் இதுவரை ஓர் இரும்புக் கேட்டும் பிய்ந்து விழுந்ததில்லை என்பதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன். மிஷினைத் தரையிலும் கேஸ் சிலிண்டரைச் சுவரோரத்திலும் வைத்து வேலை செய்து இடுப்பு போய்விட்டதால், இந்தக் குளிர்காலத்தில் இரண்டையும் ஒன்றாகத் தள்ளிப்போக ஒரு வண்டி செய்தேன். சதுரக் குழாயில் சட்டம். மேலே மிஷினுக்கு ஒரு தட்டு, முன்பக்கம் சற்றே சாய்வாக. பின்னால் சிலிண்டர் நிற்கத் தரையை ஒட்டிய ஓர் இரும்புத் தகடு; சிலிண்டரைத் தூக்க வேண்டாம், உருட்டி ஏற்றினால் போதும். அது சாயாமல் இருக்க இரண்டு தூண்கள், குறுக்கே ஒரு கொக்கிச் சங்கிலி. பின்சக்கரங்கள் பழைய சாமான் சந்தையில் கிடைத்த சக்கர நாற்காலியுடையவை. அதன் பிறகு வண்டிக்கு நீலப் பெயின்ட் அடித்தேன். வர்தா பார்த்துவிட்டு, "என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்ப வீட்டுக்கு வெள்ளைகூட அடிக்கல நீங்க" என்றாள்.

பூஅலாமுக்கு இரும்பு தேய்க்கும் என் கிரைண்டர் சத்தம் ஆகாது. அதனால் வண்டியும் ஆகவில்லை. தெருமுனைக் காப்பிக்கடையில் எல்லார் முன்னாலும், "சக்கர நாற்காலி செஞ்சிருக்கியாமே தாஹர், நோயாளி எங்கப்பா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. "என் வண்டி மேல கை வச்சுப் பாரு, கழுத்த அறுத்துடுறேன்" என்று சொன்னேன். சொன்னது உண்மை. எங்கள் தெருவில் தக்காளி அழுகியிருந்தாலும் இதையேதான் சொல்வார்கள். ஆனால் இன்றைக்கு அதைக் கேட்ட அத்தனை பேரும் சாட்சிக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. பகையோடு பெருநாள் தொழுகையில் நிற்கக் கூடாது என்பதால் இந்த வாரம் அவரே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தட்டு மக்ரூத் இனிப்பு. பின்னால் கயிற்றில், பெருநாளுக்கு அறுக்க வாங்கிய அவருடைய குர்பானிக் கிடா. பெருநாள் நெருங்கும்போது எங்கள் பக்கம் கிடாத் திருட்டு அதிகம். "உன் பட்டறைக்குத்தான் இரும்புக் கதவு இருக்கு. பெருநாள் வரைக்கும் இதுக்கு ஒரு இடம் குடு தம்பி" என்றார். கட்டித் தழுவிக்கொண்டோம். கிடாவைப் பட்டறைச் சுவர் வளையத்தில் கட்டினோம். பெரிய கொம்பு, நெற்றியில் மருதாணி, கண்ணில் மரியாதை என்பதே இல்லை. முட்டுச்சண்டைக் கிடா என்று அவருக்கு அதில் பெருமை வேறு.

இன்று காலை பட்டறைக்குள் போனபோது கிடா கயிற்றைக் கடித்துத் தின்றிருந்தது. நான் கொடுத்திருந்த சாவியோடு பூஅலாம் எனக்கு முன்பே வந்து, சிலிண்டரின் சங்கிலியைக் கழற்றிக் கிடாவின் கழுத்துக்குப் போட்டிருந்தார். சிலிண்டர் கட்டில்லாமல் நின்றது. சங்கிலியைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினேன். ஆனால் சமாதானமாகி மூன்று நாள்கூட ஆகவில்லை. என் வீட்டில் ஒதுங்கிய கிடாவின் கழுத்திலிருந்து பெருநாளுக்கு முந்தின நாள் சங்கிலியை உருவுவது எங்கள் ஊரில் மனிதர் செய்கிற காரியமல்ல. வேறு சங்கிலி வாங்கலாம் என்றால் கடையெல்லாம் அடைப்பு. அதனால் வர்தாவின் துணி காயப்போடும் கொடியை இரண்டு சுற்றுச் சுற்றிச் சிலிண்டரைத் தூணோடு கட்டினேன். போதாது என்று தெரிந்தே கட்டினேன். இதை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

அதன் பிறகு தெருக்காரர்கள் தங்கள் கத்திகளைச் சாணை பிடிக்கக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் என்னிடம்தான் வரும். பட்டறையில் கிடா இருந்ததால் சாணை இயந்திரத்தை முற்றத்துக்கு எடுத்துப்போய் அங்கே வேலை செய்தேன். அந்தச் சத்தத்தில் பட்டறைக்குள் என்ன நடந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. கிடா சிலிண்டரை முட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிறகு பார்த்தபோது கொடி அறுந்து, சிலிண்டர் தரையில் கிடந்து, மூக்கில் பொருத்தியிருந்த ரெகுலேட்டர் ஒடிந்திருந்தது. அது எரிகிற கேஸ் அல்ல, வெல்டிங் போடும் இடத்தில் காற்றுப் படாமல் தடுக்கும் கேஸ். நெடியும் கிடையாது. காற்றை விடக் கனமானது. தாழ்வான இடத்தில் தண்ணீர் மாதிரி தேங்கும். அதில் குனிந்தவன் மூச்சுத் திணறுவதை உணர்வதற்குள் மயங்கிவிடுவான்.

பிற்பகல் அஸர் பாங்குக்குச் சற்று முன்பு பூஅலாம் வாற்கோதுமைப் பையோடு வந்து பட்டறைக் கதவைத் திறந்தார். உடனே, "தாஹர், கிடா விழுந்து கெடக்கு! கால உதறுது! கத்தி! கத்தி!" என்று கத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தார். என் கையில் அப்போது இருந்தது அவருடைய கத்தியேதான். அப்போதுதான் சாணை பிடித்து முடித்திருந்தேன். அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். கத்தியில் என் கைரேகை இருப்பதாக ஆய்வாளர் சொல்கிறார். இருக்கும். இன்றைக்கு அத்திமரச் சரிவில் என் கைரேகை இல்லாத கத்தி ஒன்றுகூட இல்லை.

இயந்திரத்தை நிறுத்தினேன். அப்போதுதான் பட்டறைக்குள்ளிருந்து உஸ்ஸென்ற சத்தம் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. கதவுவரை ஓடி, "உள்ள போகாதீங்கண்ணே, கேஸு! கிடா போனாப் போவுது!" என்று கத்தினேன். அவர் சாய்தளத்தில் பாதி இறங்கியிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "செத்துட்டா தின்ன ஹராமுடா! உசுரு இருக்கிறப்பவே அறுக்கணும்!" என்றார். இந்த இடத்தில் ஆய்வாளர், கேஸ் என்று கேட்ட பிறகும் ஒருவன் உள்ளே போவானா என்று கேட்டார். போவான். வருஷம் முழுக்கச் சேர்த்து வாங்கிய கிடா கண் முன்னால் சாகக் கிடக்கும்போது, அறுக்காமல் வெளியே ஓடிவரும் ஆண்பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. நாளைப் பெருநாள் தொழுகைக்கு முன்னால் அறுத்தால் குர்பானி ஆகாது, ஆனால் பிள்ளைகளுக்கு இறைச்சியாவது ஆகும் என்று அவர் நினைத்திருப்பார். நானாக இருந்தாலும் இறங்கியிருப்பேன் என்று பயமாக இருக்கிறது.

நிற்கும்வரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கிடாவின் மேல் குனிந்தார். தாடையைப் பிடித்துத் தூக்கினார். "பிஸ்மில்லாஹ்" என்று சத்தமாகச் சொன்னது கதவருகே நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. கத்தியை இழுத்தார். அடுத்துச் சொல்ல வேண்டிய "அல்லாஹு அக்பர்" எனக்குக் கேட்கவில்லை. அதற்குள் கிடாவின் மேலேயே கவிழ்ந்துவிட்டார். விழும்போது கத்தி அவர் தொடையிலேயே இறங்கியது. இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன், வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அக்குளில் கைகொடுத்து இழுத்துப் பார்த்தேன். என்னை விட ஒன்றரை மடங்கு கனம். சாய்தளத்தில் ஏற்ற முடியவில்லை. மேலே ஓடி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப இறங்கினேன். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, சிலிண்டர் நிற்கும் தகடு காலியாக இருந்தது. மேல்தட்டிலிருந்த மிஷினை உதைத்துத் தள்ளினேன். அதன் பிறகு பூஅலாமைச் சிலிண்டரை ஏற்றுவதுபோலவே தகட்டின் மேல் உருட்டி, இரண்டு தூணுக்கும் நடுவில் உட்காரவைத்தேன். தலை தொங்கிச் சரிந்தார். கிடாவின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி அவர் நெஞ்சைச் சுற்றிக் கொக்கி மாட்டினேன். ஒரே தள்ளில் வண்டி ஏறிவிட்டது. சக்கரம் திக்கவே இல்லை.

கார் வரும் சாலை தெருவின் அடியில் இருப்பதால் நிற்காமல் அப்படியே சரிவில் தள்ளிக்கொண்டு ஓடினேன். ரத்தத்தில் நனைந்த ஒரு மனிதரைச் சங்கிலியால் கட்டி, வண்டியில் வைத்து, நானும் ரத்தமாக ஓடுவதைத் தெருவே பார்த்தது. பார்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானே பார்த்திருந்தாலும் காவலரைத்தான் கூப்பிட்டிருப்பேன். அவர் மனைவி ஸக்கியா வாசலுக்கு ஓடிவந்து, "பாவி, சொன்னபடியே அறுத்துட்டியே!" என்று அலறினாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். ஒரு டாக்ஸி நின்றது. அவரை ஏற்றினார்கள். என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டறைக்குள் யாரும் இறங்காதீர்கள், கதவைத் திறந்தே வையுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பூஅலாம் கண் திறக்கவில்லை என்று தெரிகிறது. அவர் திறக்காவிட்டால் நான் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. மிச்ச வாழ்நாள் உள்ளேதான் என்று எனக்குத் தெரியும். அதை விட, ஸக்கியா என்னை அப்படி நினைத்ததுதான் எனக்குப் பெரிது. துணி காயும் கொடியை நம்பிய தவறு என்னுடையது. அதற்கு என்ன தண்டனையோ வாங்கிக்கொள்கிறேன். கத்தி என்னுடையதல்ல. அவர் கண் திறந்தால், உன்னைக் குத்தியது யார் என்று கேட்காதீர்கள். கிடாவை அறுத்தாயா, எதைச் சொல்லி அறுத்தாய் என்று கேளுங்கள்.

இதுவரை எழுதியபோது மருத்துவமனைக் காவலிலிருந்து தொலைபேசி வந்தது. பூஅலாம் செர்கி விழித்துவிட்டதாகவும், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே கையை லேசாக இழுத்து "அல்லாஹு அக்பர்" என்று சொன்னதாகவும், தொழுகிறார் போலிருக்கிறது என்று மருத்துவர் நினைத்ததாகவும் காவலர் தெரிவித்தார். ஆய்வாளர் மேலே "பிஸ்மில்லாஹ்" என்று எழுதியிருந்த இடத்தைத் தேடி எடுத்துத் தானே ஒருமுறை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழுதேன். அவர் தொழவில்லை. விட்ட இடத்திலிருந்து அறுத்து முடித்தார்.

சூரியன் மறைந்து மஃரிப் பாங்கு சொன்னதும் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். மேலே உள்ளதெல்லாம் நான் சொல்ல, என் முன்பாகவே எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டவும் குறைக்கவும் எனக்கு ஏதும் இல்லை. அத்தனையும் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்)
தாஹர் பெலஅய்யாத்