நிறுத்தி வைத்த கார்டு

ஏ.டி.எம். கார்டை வெயில் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை, மேடம். செஞ்சி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் பாறை, பொழுது சாய்ந்த பிறகும் சூடு இறங்காது. கார்டு லேசாக வளைந்தாலும் மிஷின் ஏற்காது. அதனால்தான் எங்கள் குழுப் பெண்களின் கார்டுகளையெல்லாம் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, இறுக்க மூடி, பீரோவின் உள்ளறையில் வைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் பழைய புடவைத் துணியில் சுற்றியிருப்பேன். உங்கள் போலீஸ்காரர் அத்தனை துணியையும் பிரித்து மேசைமேல் போட்டுவிட்டார். திரும்பச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.

என் பெயர் சுமலதா. சிங்கவரத்தில் மகளிர் குழுத் தலைவியாக இருக்கிறேன். எங்கள் ஊரில் பெண்கள் கார்டை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வைத்தால் அடுத்த நாளே அது ஒயின்ஷாப்புக்குப் போய்விடும். ஆகவே என்னிடம் கொடுத்துவைப்பார்கள். நூறு நாள் வேலைக் கூலி, கம்பெனிச் சம்பளம், உரிமைத்தொகை என்று எது ஏறினாலும் நான்தான் பஸ் ஏறி செஞ்சிக்குப் போய் எடுத்துவந்து, அவரவர் கையில் கேட்டபோது கேட்ட அளவு கொடுப்பேன். ஒரு ரூபாய் நான் தொட்டதில்லை. நீங்கள் பேங்கில் எல்லாக் கணக்கையும் வாங்கிப் பார்த்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒன்றும் கிடைத்திருக்காது. உங்களுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும்.

எல்லாக் கார்டுக்கும் ஒரே நம்பர். குழு ஆரம்பித்த வருஷத்தையே நான்தான் போட்டுக் கொடுத்தேன். மெசேஜ் வர வேண்டிய போன் நம்பரும் எல்லோருக்கும் என்னுடையதுதான். பேங்க் மேனேஜர் ஒருமுறை எங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டு, ரகசிய நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். ஊருக்கு வந்ததும் அதையே நானும் சொன்னேன். மேனேஜர் என்று போனில் பேசினாலும் சொல்லாதீர்கள், மிஷின் முன்னால் உதவி செய்கிறேன் என்று நிற்பவனிடம் சொல்லாதீர்கள், கட்டிய புருஷனிடமும் சொல்லாதீர்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த 'யாரிடமும்' என்பதில் நானும் சேர்த்தியா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும்.

மஞ்சு விஷயமாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள், தெரியும். அவளைப் பற்றிச் சொல்கிறேன்.

மஞ்சு எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள். ஷூ கம்பெனிக்கு வேனில் போய்வருவாள். பெண் குழந்தை ஒன்று, தமிழினி. புருஷன் வெற்றிவேல் கோட்டைக்குத் திரும்புகிற இடத்தில் இளநீர் விற்கிறவன். சுற்றிப்பார்க்க வருகிறவர்களிடம் அவனைவிட மரியாதையாகப் பேசுகிற ஆளை நீங்கள் பார்க்க முடியாது. வீட்டில் அவன் எப்படி என்பது எனக்குத் தெரியும். அவள் முதுகுக்கு மருந்து போட்டவள் நான். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் சொன்னவளும் நான்தான். போலீஸ் கேஸ் ஆகிவிட்டால் அப்புறம் குடும்பம் என்ன ஆவது? அவளுடைய அம்மா வீட்டுக்கும் ஆள் அனுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வந்து சண்டை போட்டுவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். பிறகு அடி வாங்குகிறவள் இவள்தானே.

ஒருதரம் புது வண்டி வாங்குவதற்காக அவளை உட்காரவைத்து ஒரு செக்கில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். அவள் என்னிடம் ஓடிவந்தாள். நான் அவளைப் பேங்குக்குக் கூட்டிப்போனேன். செக் மாறுவதற்குள் எழுதிக் கொடுத்தால் பணம் போகாமல் நிறுத்திவிடுவார்கள். கணக்குக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். எழுதியது நான், கையெழுத்து அவள். செக் திரும்பிவந்த அன்று வெற்றிவேல் அவள் மணிக்கட்டை உடைத்தான். ஆனால் பணம் பத்திரமாக இருந்தது. கட்டோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, நீ இல்லாவிட்டால் எனக்கு யாரிருக்கிறார்கள் அக்கா என்று அழுதாள். எனக்குப் பிள்ளைகள் கிடையாது, மேடம். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு ஊட்டிவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

அதற்கப்புறம்தான் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். சம்பளக் கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் ஓவர்டிராஃப்ட் என்று பேங்கில் தருவார்களாமே, கம்பெனியில் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். அது உண்மைதான், மேனேஜரே கூட்டத்தில் சொன்னார். நான் அதைக் குழுவில் யாருக்கும் சொல்லவில்லை. இல்லாத பணத்தை எடுக்கலாம் என்று தெரிந்துகொண்ட பெண் உருப்பட மாட்டாள். அதெல்லாம் பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு, நமக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். சரி என்று போய்விட்டாள். ஒருத்திக்குத் திடீரென்று பணம் எதற்கு என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பிறகு ஒருநாள் தானும் மிஷினில் எடுக்கப் பழக வேண்டும் என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. செஞ்சிக்கு அழைத்துப்போய்க் கார்டைக் கையில் கொடுத்து, உள்ளே விட்டுவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும் என்பது பேங்க் விதி. நான் விதியை மீறுவதில்லை. வெளியே வந்து கார்டையும் பணத்தையும் என்னிடம் தந்தாள். நன்றாகச் செய்தாய் என்று கன்னத்தைத் தட்டினேன்.

அடுத்த சம்பளத்துக்குப் போய் நம்பரை அழுத்துகிறேன், தவறு என்கிறது மிஷின். மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவை அழுத்தினால் கார்டு பூட்டிக்கொள்ளும் என்பதால் விட்டுவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். எல்லோர் நம்பரும் தெரிந்த தலைவியம்மாவுக்கு நம்பர் தெரியவில்லை. முகம் சுட்டது, மேடம். இன்றைக்கும் நினைத்தால் சுடுகிறது.

அவளிடம் கோபமாக ஒன்றும் கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்றுதான் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"எனக்குன்னு ஒரு நம்பர் இருக்கட்டும்க்கா. நீதானே சொன்ன, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு."

நான் சிரித்தேன். துணியைப் பிரித்துக் கார்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். பத்திரமாக வைத்துக்கொள், வெயிலில் வைக்காதே என்று மட்டும் சொன்னேன். சம்படத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. ஒன்று குறைந்ததும் மற்ற கார்டுகள் உள்ளே ஆட ஆரம்பித்துவிட்டன. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் பஸ்ஸுக்கு மஞ்சுவும் பாப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். பால் வாங்கப் போன நான் பார்த்துவிட்டேன். எங்கே என்று கேட்டேன். பாப்பாவுக்குத் துணி எடுக்கச் செஞ்சிக்கு என்றாள். பாப்பாவின் முதுகில் ஸ்கூல் பை இருந்தது. லீவு நாளில் எதற்கு ஸ்கூல் பை? உப்பிக்கிடந்த அந்தப் பையில் புத்தகமா இருக்கும்? திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிற சிநேகிதி ஒருத்தியைப் பற்றி அவள் பேசியிருக்கிறாள். எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவள் போவதில்கூட எனக்கு வருத்தமில்லை. அவனிடமிருந்து அவள் தப்பிக்க வேண்டும் என்று நானே எத்தனை நாள் சாமியிடம் வேண்டியிருக்கிறேன். என் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னாள், அதுதான். போய்வா என்று பாப்பாவின் தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு, பேங்கின் இலவச நம்பருக்குப் போன் செய்தேன். கார்டு தொலைந்தாலோ திருடுபோனாலோ உடனே சொல்லிவிட வேண்டும், தாமதித்தால் நஷ்டம் நம்முடையது. பிறந்த தேதி கேட்டார்கள், அம்மா பெயர் கேட்டார்கள், எல்லாம் சொன்னேன். மஞ்சு என்றே சொன்னேன். என் போனிலிருந்து பேசியதால் ஒன்றும் சந்தேகப்படவில்லை. அடியோடு முடக்குவதா, தற்காலிகமாக நிறுத்தி வைப்பதா என்று கேட்டார்கள். தற்காலிகமாக என்றேன். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அடியோடு முடக்கினால் புதுக் கார்டு வர நாளாகும். தற்காலிகம் என்றால் ஒரு போன் போட்டு எப்போது வேண்டுமானாலும் திறந்துவிடலாம். அவளுக்குக் கெடுதல் செய்ய நினைப்பவள் இப்படி யோசிப்பாளா?

செஞ்சி மிஷினில் அவள் பணம் எடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அங்கே யாராவது பார்த்து வெற்றிவேலிடம் சொல்லிவிடுவார்கள். கையிலிருந்த சில்லறைக்குத் திருவண்ணாமலை வரை டிக்கெட் வாங்கியிருக்கிறாள். அந்தப் பஸ் அவன் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா என்னை மடியில் படுக்கவைத்துத் தானும் குனிந்துகொண்டாள் என்று பாப்பா உங்களிடம் சொல்லியிருப்பாள்.

நான் எதிர்பார்த்தபடியே போன் வந்தது. அவள் போனை அவன் எப்போதோ உடைத்துவிட்டான். பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மாவிடம் வாங்கிப் பேசினாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் என்னுடையது ஒன்றுதான்.

"அக்கா, கார்டு வேலை செய்யலக்கா. எந்த மிஷின்ல போட்டாலும் எடுக்க மாட்டேங்குது. பாப்பா பசிக்குதுன்னு அழுவுது. நான் திருவண்ணாமலையில இருக்கறது அவருக்கு மட்டும் தெரிய வேணாம்க்கா."

துணி எடுக்கத் திருவண்ணாமலைக்கா போனாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மன்னித்துக்கொள் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கார்டின் புது நம்பரைச் சொல்லியிருந்தாலும் போதும். அழுதாளே தவிரச் சொல்லவில்லை.

"அங்கியே உக்காந்திரு. எங்கியும் போவாத. நான் ஆள் அனுப்பறேன்" என்றேன்.

"சரிக்கா. நீ சொன்னா சரி" என்றாள்.

வெற்றிவேல் பிடிபட்ட பிறகு நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். அவள் இருந்த இடம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டீர்கள். தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது.

நான் ஷேர் ஆட்டோ பிடித்துக் கோட்டைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். அவன் ஒரு குடும்பத்துக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்தேன். எனக்கும் ஒன்று வெட்டினான், குடித்தேன். பிறகு சொன்னேன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் பூக்கடைப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், கையில் காசில்லை, எங்கேயும் போக முடியாது, அடிக்காமல் கூட்டிக்கொண்டு வா என்றேன். அடிக்காமல் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் தன் பழைய பைக்கில் கட்டியிருந்த காய்க் குலைகளை அவிழ்த்து ஒவ்வொன்றாக மரத்தடியில் இறக்கி வைத்தான். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, கத்தியை மட்டும் சாக்கில் சுற்றி முன்னால் வைத்துக்கொண்டான். காய் இல்லாமல் கத்தி எதற்கு என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். அவன் போன பிறகு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். போன் என் கையில்தான் இருந்தது. அந்தப் பூக்காரம்மாவின் நம்பரும் அதில் இருந்தது. கார்டைத் திறந்துவிட்டு, எழுந்து ஓடிவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பாள். சேலமோ திருப்பூரோ போய்ச் சேர்ந்திருப்பாள். பிறகு என்னை எதற்கு நினைக்கப்போகிறாள்? நான் யாருக்கும் போன் செய்யவில்லை. இளநீருக்குக் காசு கொடுக்காமல் விட்டது ஞாபகம் வந்தது. மரத்தடியில் காய்க் குலைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினானாம். பாப்பாவை வண்டிமேலேயே உட்காரவைத்துவிட்டு மஞ்சுவை மட்டும் கீழே இறக்கியிருக்கிறான். மிச்சத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான் பார்க்கவில்லை, பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

அவள் கார்டு இன்னும் நிறுத்தித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பணம் அப்படியே இருக்கும், பத்திரமாக. நாமினி பெயர் என்னுடையது. எனக்கு அதில் ஒரு காசு வேண்டாம். ஹோமில் இருக்கிற பாப்பாவின் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி அதில் போடச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவருடைய போன் நம்பர் கேட்பார்கள், என் நம்பரையே கொடுங்கள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பெரியவளானதும் கார்டு வரும். ரகசிய நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேன். அம்மாவைப் போல இல்லாமல், இவள் என்னிடம் சொல்லிவிடுவாள்.