நிமிர்ந்த கோபுரம்

— பிரஷ்ஷைக் கீழ வெச்சுட்டுக் கேளுக்கா.

— நீ பாட்டுக்குச் சொல்லுடா. வெள்ளிக்கிழமை கண்காட்சி. தம்பி என்ஜினியர் வந்திருக்கான்னு இந்த வானம் காயாம காத்துட்டு இருக்காது.

— கண்காட்சிக்கு என்ன தலைப்பு வெச்சிருக்கே?

— 'உள்ளது உள்ளபடி'. நகரத்துப் பழைய கட்டடம் நாப்பது, எல்லாம் வாட்டர் கலர். ஏன் சிரிக்கிறே?

— சிரிக்கலை. பூரிச்சுப் போயிட்டேன். பன்னெண்டு வருஷம் முன்னாடி மணிக்கூண்டை வரைஞ்சியே, நகராட்சிக் கூடத்துல மாட்டியிருக்கு.

— முதல்ல வித்த படமே அதுதான். அதுக்கென்ன இப்போ?

— அதுல கோபுரம் நேரா நிக்குது. நிஜத்துல ஒன்றரை அடி சாஞ்சு நிக்குது.

— கட்டின நாள்லேர்ந்தே அப்படித்தான். நீ மாத்தலாகி வந்து மூணு மாசம்தான் ஆச்சு, உனக்கு எங்க தெரியப்போகுது.

— நேத்து எதிர்க் கடைக்காரர் சொல்லித்தான் தெரிஞ்சது. அதுக்குள்ள அறிக்கை போயாச்சு. பன்னெண்டு வருஷம் முன்னாடி நேரா இருந்த கோபுரம் இப்போ சாஞ்சிருக்கு, அடுத்த மழை தாங்காது, திங்கட்கிழமை இடிக்கணும்னு. ஆதாரம், உன் படம்.

— என் படமா? ஏன், ஊர்ல ஒரு பழைய போட்டோ கூடவா இல்லை?

— நிறைய இருக்கு. எல்லாத்துலயும் முன்னாடி நிக்கிற மரம்தான் ரொம்ப அழகாப் பதிஞ்சிருக்கு, கோபுரம் தெரியலை. உன் படத்துல மட்டும் மரத்தைக் காணோம்.

— மறைக்குதேன்னு எடுத்துட்டேன்.

— உள்ளது உள்ளபடி.

— வாயை மூடுடா. சாஞ்ச கோபுரத்தைச் சாய்ச்சு வரைஞ்சா, பார்க்கிறவன் கொத்தனாரைத் திட்டமாட்டான். இவளுக்கு ஒரு கோடு நேராப் போட வரலைன்னு என்னைத்தான் சொல்லுவான். அதான் நிமிர்த்திட்டேன்.

— அதையே இந்த லெட்டர்ல எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடு. நாளைக்கு நகராட்சிக் கமிட்டி படிச்சதும் இடிக்கிறதை நிறுத்திடுவாங்க.

— கமிட்டித் தலைவர்தான்டா கண்காட்சியைத் திறந்துவைக்கப் போறாரு. பிரமாதமா இருக்கும். நாப்பது படத்துக்கு முன்னாடியும் நின்னு, 'அம்மா, இதுல எதை நிமிர்த்தினீங்க'ன்னு கேப்பாரு.

— கேப்பாரு.

— நீ ஒரு பேச்சுக்காவது 'கேக்கமாட்டாரு'ன்னு சொல்லலாம்.

— உள்ளதைச் சொன்னேன்.

— பன்னெண்டு வருஷமா சம்பாதிச்ச பேருடா.

— தெரியும்க்கா. கடைக்காரர் வாய்ச்சொல்லை ஃபைல்ல ஏத்தமாட்டாங்க. நீ எழுதிக் கொடுத்தா ஏத்துவாங்க.

— கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தப்போ எனக்கு ஒருத்தரையும் தெரியாது. தினமும் அந்தக் கோபுரத்தடியில உட்கார்ந்துதான் வரையப் பழகினேன். அதை இடிக்கிறதை என்னால பார்க்க முடியாது. கொடு, போடறேன்.

— இந்தா, பேனா.

— ஆனா ஒண்ணு. அக்கம்பக்கத்துல விசாரிக்காம, சுவத்துல மாட்டின படத்துல ஸ்கேல் வெச்சு அளந்தானே ஒரு மேதாவி, அவனுக்கு யாருடா சர்டிஃபிகேட் கொடுத்தது? வரைஞ்சவ இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேட்டானா?

— கேக்கலை.

— அவன் பேரும் இந்த லெட்டர்ல இருக்கணும். என் பேரு நாறும்போது அவன் பேரு மட்டும் மணக்கக் கூடாது. வேலை போனா போகட்டும்.

— கடைசி வரியில இருக்குக்கா. படிச்சுட்டே போடு.

— 'இந்தப் படத்தை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு, வேறு எந்த விசாரணையும் செய்யாமல் அறிக்கை தயாரித்த பொறியாளர்...' டேய். இது உன் பேருடா.

— நீ வரைஞ்சதாச்சே, சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்க்கா.