எட்டு முதலாளிகளும் ஒரு தார்ப்பாயும்

சங்கராபுரம் வட்டார அரிசி ஆலை அதிபர்களின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் முதலாளி ராஜாங்கம் ஐயா அவர்களே! மின்விசிறிக்கு அருகே வீற்றிருக்கும் மற்ற அதிபர்களே! மதிப்பிற்குரிய பெரியவர்களே! நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் தாய்மார்களே! அனைவரையும் அஞ்சி அஞ்சி வணங்குகிறேன்.

ஐயாவின் ஆலையில் முப்பத்தோரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். மேடை புதிது. தவறினால் திருத்துங்கள்.

ஆளை வேலைக்கு வைப்பது லாபமா, ஒப்பந்தத்துக்கு விடுவது லாபமா? களத்தில் நெல் காயவைக்கும் பெண்களை எல்லா ஆலைகளிலும் ஒப்பந்தக்காரர்களாக மாற்ற இன்று தீர்மானம் வருகிறது. அதற்கு ஆதாரம், சென்ற ஆண்டு நான் போட்ட கணக்கு.

நூறு ரூபாய் கூலிக்கு மேல் வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., போனஸ் என்று ஏறக்குறைய இருபத்தைந்து ரூபாய். எங்கள் களத்தில் எட்டுப் பெண்கள். ஒப்பந்தமாக்கினால் மாதம் இருபதாயிரம் மிச்சம்! கைதட்டாதீர்கள் ஐயா, கழித்தல் இன்னும் வரவில்லை.

ஒப்பந்தத் தாளில் ஒரே நாளில் எட்டுப் பேரும் முதலாளிகள் ஆனார்கள். உலகில் எந்த முதலாளியை விசில் ஊதி அழைக்கிறார்கள்? எந்த முதலாளி ஒதுங்கப் போவதற்கு அனுமதி கேட்கிறார்? எந்த முதலாளி ஐந்து நிமிடம் பிந்தினால் அரை நாள் கூலி இழக்கிறார்? எங்கள் களத்து முதலாளிகள் இழந்தார்கள்!

போன மாதம், ஐப்பசியில் ஒரு நாள் கல்வராயன் மலைப் பக்கம் கறுத்தது. களத்தில் முந்நூறு மூட்டை அவித்த நெல். அன்றைக்கு வேலை முடித்து எட்டுப் பேரும் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவரான வெள்ளச்சியம்மாவை ஐயா கைபேசியில் அழைத்தார்.

"வெள்ளச்சி, மழ வந்துக்கினு இருக்குது. எங்க கீற?"

"பக்கத்து மில்லுலங்க. எங்க வேணும்னாலும் வேல எடுக்கலாம்னு பேப்பர்ல போட்டீங்களே?"

"நெல்லு நனையுது, வந்து மூடு!"

"தார்ப்பாய் மூடறது அதுல இல்லீங்களே. ஜாஸ்தி ஆவும். ரேட்டு சொல்லுங்க மொதலாளி."

"இன்னா திமிரு! யாருகிட்ட பேசற?"

"கோவிச்சுக்காதீங்க. நானும் மொதலாளிதானேங்க!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஐயா ரேட்டுச் சொல்வதற்குள் அந்த அம்மா ஓடி வந்துவிட்டார். தனியாளாகத் தார்ப்பாயை இழுத்தார். ஈரக் களத்தில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. நெல் பாதிக்கு மேல் நனைந்து பூஞ்சை பிடித்து, மாட்டுத் தீவனத்துக்குப் போயிற்று. நட்டம் இரண்டு லட்சத்து இருபதாயிரம். பதினோரு மாத மிச்சம், நாற்பது நிமிட மழை!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

கட்டுப் போடக் காசு கேட்டபோது ஐயா ஒப்பந்தத்தின் ஏழாவது விதியைக் காட்டினார்: 'விபத்துக்கு ஒப்பந்தக்காரரே பொறுப்பு.' அதை எழுதியவன் யார்? நான்தான். என் கணக்கேட்டில் நெல்லுக்கு ஒரு வரி எழுதியிருந்தேன், சாக்குக்கு ஒரு வரி, சணலுக்கும் ஒரு வரி. அந்த மணிக்கட்டுக்கு ஒரு வரிகூட இல்லை. கூட்டலில் பிழையில்லாத பாவம் அது!

வெள்ளச்சியம்மா அதோ, கட்டுப் போட்ட கையோடு நிற்கிறார். எட்டுப் பேரின் பெயரையும் வருகைப் பதிவேட்டில் திரும்ப ஏற்றுங்கள். மருத்துவச் செலவை ஆலை ஏற்கட்டும்.

தீர்மானத்தோடு இணைக்கும் கணக்கில் என் கையொப்பம் வேண்டும் என்று காலையில் சொன்னீர்கள். முப்பத்தோரு ஆண்டுகளில் நீட்டிய தாளில் எல்லாம் ஒப்பமிட்டேன். இதில் இட மாட்டேன் ஐயா.

என் பேச்சைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. நிற்கும் தாய்மார்களுக்கு முதல் வணக்கம். அமர்ந்திருப்போருக்கு அடுத்த வணக்கம்.